கீரை வளர்க்கும் மீன்கள்

மட்டக்களப்பைப் பற்றி எழுதப் புகுவோர் பாடும் மீனைத் தொடாமல் எழுதுவது அரிது. முழுநிலாக் காலத்து இரவில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி, மறு முனையைச் செவியில் வைத்து அவ்விசையைக் கேட்டவர்கள் உளர். கேட்டதாகச் சொல்பவர்கள் அவர்களிலும் பலர். காரைதீவிலே 1892இல் பிறந்த விபுலானந்த அடிகளார் அந்த இசையில் ஈடுபாடு கொண்டிருந்தார். ஆகவே அதைப் பற்றிப் புதிதாகக் கூற என்னிடம் ஒன்றுமில்லை. யான் கூறப்போவது பாடாத மீன்களைப் பற்றி. கல்லடியில் ஒரு வளவின் மூலையிலே, சீமெந்துக் கொட்டு இரண்டினுள் அடங்கியிருந்துகொண்டு, நான்கு பேர் கொண்ட குடும்பம் ஒன்றுக்குக் கீரை வளர்த்துக் கொடுக்கின்ற மீன்கள் அவை. அவற்றைக் காணுமுன் வாவிக் கரையோடு ஒருமுறை தெற்கே போய்வருவது நல்லது. அத்தொட்டியின் அருமை அப்பொழுதுதான் விளங்கும்.

வாவி வடக்கே பங்குடாவெளிப் பக்கம் தொடங்கித் தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. புத்தகத்தில் அது வாவி. ஊரார் பேச்சில் அது 'ஆறு'. அதன் கிழக்குக் கரை எழுவான்கரை, மேற்குக் கரை படுவான்கரை. ஞாயிறு எழும் கரை, படும் கரை என்று நீரின் நடுவே தோணியில் நின்று பார்த்தவன் எவனோ வைத்த பெயர்களாக இருக்கவேண்டும். படுவான்கரையில் வயலும் குளமும் நன்னீரும் உண்டு. எழுவான்கரையோ கடலுக்கும் வாவிக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணல். அம்மணலின் மேலேதான் ஊர்கள் நெருங்கி இருக்கின்றன.

பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் வாவி கடலோடு கலக்கின்றது. வாடைக்காற்றுக் காலத்து மழை பெய்து வெள்ளம் வந்தால் நீர் இனிக்கும். கோடையில் கடல்நீர் ஏறிக் கரிக்கும். ஆகவே எழுவான்கரையார் இருபுறமும் நீரிருந்தும் அதனைப் பயிருக்கு ஊற்ற முடியாதவர்கள். அவர்களைக் காப்பது மணலுக்கடியில் மழைநீர் தேங்கி நிற்கும் மெல்லிய நன்னீர்ப் படலம். அதனடியில் உப்புநீர் காத்திருக்கின்றது. 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் பொங்கி வந்தபோது இக்கரைக் கிணறுகள் பல உவராகிப் போயின. அவை மீண்டும் தேற மழைக்காலங்கள் வரவேண்டியிருந்தது. இன்று மட்டக்களப்பு நகரத்தார் குழாயிற் பெறுகின்ற நீர் மேற்கே உள்ள உன்னிச்சைக் குளத்திலிருந்து வருகின்றது.

1928இல் திறக்கப்பட்ட பழைய இரும்புப் பாலமும், அதன் அருகே 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலமும் தோளொடு தோள் நிற்கும் கல்லடியில் இருந்து, கடந்த தை மாதத்தில் ஒருநாட் காலை தெற்கு நோக்கிப் பேருந்தில் ஏறினேன். நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம் என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஓர் ஊர் எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகின்றது என்று வழிப்போக்கனுக்குத் தெரியாது. களுதாவளையில் இறங்கினேன். வெற்றிலைக்கும் மரக்கறிக்கும் பேர்பெற்ற ஊர் இது. வெறும் கடற்கரை மணலிலே வெற்றிலைக் கொடி பச்சைப் பந்தலாக எழுந்து நிற்பதைக் காண்பவன் அங்குள்ள மக்களின் உழைப்பை மனத்தால் வணங்காமல் இருக்க முடியாது.

ஆயினும் மணல் மணலே. இட்ட பசளையைப் பிடித்துவைக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. களிமண் நிலத்தில் ஒருமுறை இடுவதை இங்கே சிறிது சிறிதாகப் பலமுறை இடவேண்டும். நீரையும் நாள்தோறும் ஊற்றவேண்டும். செடி உண்டது போக எஞ்சிய பசளை நீரோடு கீழிறங்கி, குடிக்கும் கிணற்றையே சென்றடைகின்றது. இரசாயனப் பசளையை நிறுத்திவிட்டால் என்ன என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்கு 2021ஆம் ஆண்டு இந்நாடு முழுவதும் விடை கண்டது. அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே நாளில் தடுக்கப்பட்டது. நவம்பர் மாதத்தில் தடை நீக்கப்பட்டது. இடையில் நெல்லும் தேயிலையும் மரக்கறியும் பட்ட பாட்டை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மறு ஆண்டு பணமும் இல்லை, பசளையும் இல்லை, எரிபொருளும் இல்லை. சந்தையில் ஒரு பிடி கீரையின் விலையைக் கேட்டுவிட்டு வெறும் பையோடு திரும்பிய தாய்மார் எத்தனையோ பேர். வீட்டுத் தோட்டம் பற்றிய பேச்சு அக்காலத்தில் எல்லார் வாயிலும் இருந்தது. மணல் வளவுக்காரர்களுக்கு மட்டும் அது எளிதாக இருக்கவில்லை.

களுதாவளையிலிருந்து களுவாஞ்சிக்குடி சென்று, குருமண்வெளித் துறையை அடைந்தேன். அங்கிருந்து அக்கரை மண்டூருக்குப் 'பாதை'யிற் போகவேண்டும். பாதை என்றால் வழி என்று பிற ஊரார் எண்ணுவர். மட்டக்களப்பாருக்கோ மனிதரையும் வண்டியையும் ஒருங்கே ஏற்றி நீரைக் கடக்கும் தட்டையான மிதவையும் பாதைதான். மண்முனையில் 2014இல் பாலம் வந்தபின் அவ்விடத்துப் பாதை மறைந்துபோயிற்று. பாலம் வசதியானது என்பதில் ஐயமில்லை. எனினும் பாதையில் நின்றபடி நீரைப் பார்ப்பது போலப் பாலத்தின் மேற் பார்க்க முடிவதில்லை.

அன்று நீரெங்கும் ஆற்றுவாழை. ஊதா நிறப் பூக்களோடு தீவு தீவாக மிதந்து வந்தது. என்னருகே வீச்சுவலையைத் தோளில் இட்டபடி நின்ற முதியவரிடம், "ஐயா, மீன்பாடு எப்படி?" என்று கேட்டேன்.

"முந்தி மாதிரி எங்க சேர்? இந்த ஆத்துவாழை வந்தா வலை எறிய ஏலாது. வெள்ளத்தோட வாறது. வயலுக்குப் போடுற பசளை எல்லாம் கடைசியில ஆத்துக்குத்தானே வருது? நெல்லுக்குப் போட்டத இது திண்டு கொழுக்குது. மறுகா எங்கட வலை கிழியுது."

நான் வகுப்பறையில் அரைமணி நேரம் செலவிட்டு விளக்குவதை அவர் நான்கு வாக்கியத்தில் முடித்துவிட்டார். ஆற்றுவாழை தென் அமெரிக்கச் செடி. அழகுக்காக இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. கொண்டுவந்த சில ஆண்டுகளுக்குள் அதனைக் கட்டுப்படுத்த 1909இல் ஒரு தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. வயலிலிருந்தும் ஊர்களிலிருந்தும் வழிந்து வரும் நைதரசனையும் பொசுபரசையும் உண்டு அது பெருகுகின்றது; நீரில் உப்பு ஏறியதும் மடிந்து அழுகி, மீனுக்கு வேண்டிய ஒட்சிசனையும் கெடுக்கின்றது. நீரிலே உணவு மிகுந்திருந்தால் ஏதாவதொரு செடி வந்து அதனை உண்ணத்தான் செய்யும். அந்த இடத்தில் ஆற்றுவாழைக்குப் பதிலாகக் கங்குன் கீரை இருந்தால் எப்படி இருக்கும்? மண்டூரிலே, சின்னக் கதிர்காமம் எனப் போற்றப்படும் முருகன் சந்நிதியில் வணங்கித் திரும்பும் வரையில் இக்கேள்வியே என் மனத்தில் இருந்தது.

இனிக் கல்லடித் தொட்டிக்கு வருவோம். அதன் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற இலிகிதர். நான் அண்ணன் என்றழைக்கும் முறையினர். மூன்று அடி விட்டமும் இரண்டு அடி உயரமும் உள்ள கிணற்றுக் கொட்டு இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அடிப்பாகத்தைச் சீமெந்தால் மூடியிருக்கின்றார். கீழ்க்கொட்டு மணலுள் புதைந்திருக்கின்றது. விளிம்புக்கு அரை அடி கீழே வரை நீர் நிறைத்தால் ஏறக்குறைய 700 இலீற்றர். அதன் பக்கத்தில் கட்டுக்கல் அடுக்கிய மேடைமேல், நீல நிறப் பிளாஸ்ரிக் பீப்பாய் இரண்டை நெடுக்காகப் பிளந்த நான்கு பாதிகள், சல்லிக்கல்லால் நிரம்பி நிற்கின்றன. சிறு பம்பி ஒன்று தொட்டி நீரை அப்பாதிகளுக்கு ஏற்றுகின்றது. கல்லினூடே நனைத்துச் சென்ற நீர் குழாய்வழி மீண்டும் தொட்டியில் விழுகின்றது. மண் என்பது ஒரு பிடிகூட இல்லை. கல்லிலே கங்குன், பொன்னாங்காணி, பசளிக் கீரையோடு இரண்டு கறிமிளகாய்ச் செடியும் நின்றன. தொட்டியில் இருபத்தைந்து திலாப்பியா.

திலாப்பியாவை எங்கள் பக்கத்தில் ஜப்பான் மீன் என்றும் சொல்வர். அதற்கும் ஜப்பானுக்கும் உறவில்லை. அதன் தாயகம் ஆபிரிக்கா. இலங்கைக் குளங்களில் அது விடப்பட்டது 1952ஆம் ஆண்டளவில். 1990 முதல் 1994 வரை அரசு நன்னீர் மீன்பிடிக்கு அளித்த ஆதரவை நிறுத்தியிருந்த காலத்திலும் அது தானே பெருகி ஏழைகளின் சட்டியை நிரப்பிற்று. இத்தகைய உறுதி உடைய மீனாதலால்தான் பழகாதவர்கள் தொடங்குவதற்கு ஏற்றது.

மீன் தன் கழிவாகவும் செவுள்வழியாகவும் அமோனியாவை நீரில் விடுகின்றது. அது மீனுக்கே நஞ்சு. கல்லின் மேற்பரப்பில் வாழும் ஒருவகைப் பற்றீரியா அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றுகின்றது; அதுவும் நஞ்சே. வேறொரு வகை அதனை நைத்திரேற்றாக மாற்றுகின்றது. இதுவே செடி விரும்பும் உணவு. செடி அதை உறிஞ்சிக்கொள்ள, நீர் தூய்மையாகித் தொட்டிக்கு மீள்கின்றது. இந்த நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்து உலகுக்குக் காட்டியவர் வினோகிராட்ஸ்கி என்ற உருசிய விஞ்ஞானி. 1890ஆம் ஆண்டளவில் சூரிச் நகரில் அவ்வாராய்ச்சி நடந்தது. மாணவர்கள் நைதரசன் வட்டத்தைப் படமாக வரைந்து அம்புக்குறி இட்டுப் புள்ளி வாங்கிக்கொள்கிறார்கள். அப்படம் முழுவதும் ஒரு வளவின் மூலையில் நடப்பதைக் கண்ணாற் காண்பது வேறு.

இதனை 'அக்குவாபோனிக்ஸ்' என்கிறார்கள். சொல் புதிது; கருத்துப் பழையது. சீனாவின் செச்சியாங் மாகாணத்துச் சிங்தியன் பகுதியில் வயலிலே நெல்லும் மீனும் சேர்ந்து வளரும் பழைய முறையை 2005இல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் உலக மரபாக ஏற்றுக்கொண்டது. மலையாள நாட்டிலே பொக்காளி வயலில் மழைக்கு உவர் தாங்கும் நெல்லும், அறுவடைக்குப் பின் இறாலும் மாறிமாறி வருகின்றன. தொட்டியும் பம்பியும் கொண்ட இன்றைய வடிவத்தை வளர்த்தவர்களுள் முதன்மையானவர் யேம்ஸ் றக்கோசி. கரிபியன் கடலில் நன்னீர் அருமையான வேர்ஜின் தீவுகளின் பல்கலைக்கழகத்தில் 1980 தொடக்கம் அவர் திலாப்பியாவையும் கீரை வகைகளையும் வெண்டியையும் சேர்த்து வளர்த்தார். நீர் அருமையான தீவில் இம்முறை தழைத்ததில் வியப்பில்லை. மண்ணிற் பயிரிடும்போது நீரிற் பெரும்பங்கு கீழே போய்விடும். இங்கே செடி வெளிவிடுவதும் வெயில் உறிஞ்சுவதும் தவிர வேறு இழப்பில்லை. எழுவான்கரைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

வேண்டியது பொறுமை. "முதல் ஆறு கிழமையும் கல்லுக்குத்தான் தண்ணி ஊத்தின நான், தம்பி. பக்கத்து வீட்டார் எனக்கு மூளை பிசகிப் போச்சு எண்டு நினைச்சவை" என்று சிரித்தார் அண்ணன். பலரும் தோற்றுப்போவது இந்த இடத்திலேதான். தொட்டியைக் கட்டிய அன்றே மீனை விட்டு, பத்தாம் நாள் எல்லாம் செத்து மிதக்கக் கண்டு, இது நமக்கு ஒத்துவராது என்று கைவிட்டு விடுகின்றனர். பற்றீரியா குடியேற வேண்டும். அதற்கு மீனின்றியே, நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன்தீனியை நீரிலிட்டு அழுகவிட்டுப் பம்பியை ஓடவிட வேண்டும். அலங்கார மீன் விற்கும் கடைகளில் அமோனியாவையும் நைத்திரைற்றையும் அளக்கும் சிறு சோதனைப் பெட்டி கிடைக்கும். முதலில் அமோனியா ஏறும். பின்பு அது இறங்க நைத்திரைற்று ஏறும். அதுவும் இறங்கி நைத்திரேற்று தோன்றும் நாளே மீனை வரவேற்கும் நாள். நான்கு கிழமையும் ஆகலாம், ஆறும் ஆகலாம். ஏற்கெனவே நடைபெறும் தொட்டியிலிருந்து இரண்டு கைப்பிடிக் கல் கிடைத்தால் காலம் குறையும்.

நீரைப் பற்றி இக்கரையார்க்குத் தனியாக ஒரு சொல். வாவி நீரை எடுக்கவே கூடாது. திலாப்பியா உப்பைத் தாங்கும், கீரை தாங்காது. கிணற்று நீரை ஊற்றி உங்கள் வளவில் கத்தரியும் வெண்டியும் தழைக்கின்றன என்றால் அந்நீர் போதும். குழாய் நீரானால் குளோரீன் போகும்படி இரண்டு நாள் வெளியிலே திறந்து வைத்துவிட்டு ஊற்றுக. புதிய சீமெந்து நீரைக் காரமாக்கிவிடும். ஆதலால் தொட்டியைப் பலமுறை நிரப்பி ஊறவிட்டு நீரைக் கொட்டவேண்டும். வாழைத்தண்டைத் துண்டாக்கிப் போட்டு ஊறவிடும் வழக்கமும் உண்டு.

கல்லிலும் ஒரு சூது இருக்கின்றது. கடற்கரைச் சரளையில் சிப்பியும் சங்கும் கலந்திருக்கும். அவை கல்சியம் காபனேற்று. மெல்லக் கரைந்து நீரின் பி.எச். பெறுமானத்தை உயர்த்தும். அது ஏழுக்கு மேலே போகப் போகச் செடிக்கு இரும்புச்சத்துச் சேராது, இளந்தளிர் வெளிறும். ஒரு கிண்ணத்தில் கல்லை இட்டு வினாகிரி ஊற்றுங்கள். நுரைத்தால் அந்தக் கல் வேண்டாம். அண்ணன் கருங்கற் சல்லியையே தேடி வாங்கினார். நீர் கல்லின் மேற்பரப்புக்கு இரண்டு அங்குலம் கீழேயே நிற்க வேண்டும் என்பது இன்னொரு விதி. மேலே நீர் தேங்கினால் பாசி படியும், நுளம்பும் முட்டையிடும். டெங்கு வரும் ஊரில் இதனை அசட்டை செய்யலாகாது. தொட்டியிலே விழும் நுளம்புக் குடம்பிகளை மீன் பார்த்துக்கொள்ளும்.

எத்தனை மீன் விடலாம் என்பதில் ஆசை எல்லை மீறும். 1000 இலீற்றர் நீருக்கு 20 கிலோகிராம் என்பது தேர்ந்தவர்கள் வைக்கும் உச்ச அளவு. தொடங்குபவர் அதில் பாதியோடு நிற்பது நல்லது. 700 இலீற்றருக்கு ஏழு கிலோகிராம். வளர்ந்த மீன் ஒன்று கால் கிலோ எனக் கொண்டால் இருபத்தைந்து சொச்சம். கீரைப் பாத்தி ஒரு சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீனி என்று உணவு விவசாய நிறுவனம் 2014இல் வெளியிட்ட கைந்நூல் கூறுகின்றது. நான்கு பாதிகளும் சேர்ந்து இரண்டு சதுர மீற்றர். ஆக, மீன் வளர்ந்த பின்னர் 80 முதல் 100 கிராம். மீன் குஞ்சாக இருக்கும்போது தீனியும் குறைவு, பாத்தியும் ஒன்றோ இரண்டோ போதும். தின்னாது மிதக்கும் தீனியை அள்ளிவிட வேண்டும். வீட்டு அம்மா அதில் கண்டிப்பானவர். பேரப்பிள்ளைகள் களித்துப் போடும் பிடிபிடியான தீனிதான் மீனுக்கு முதற் பகை என்று என்னிடம் சொன்னார்.

இனி மின்சாரம். பம்பி 25 முதல் 40 உவாற்று வரை இழுக்கும். இரவும் பகலும் ஓடினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் அலகு. மாத முடிவில் பட்டியலைப் பார்க்கும்போது அது சிறிய தொகையன்று. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு நடந்த நாட்களில் இவ்வீட்டார் முறைவைத்து, வாளியால் நீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து கல்லின்மேல் ஊற்றினார்கள். விழும் நீர் காற்றை வாரிக்கொண்டு போகின்றது. அந்த ஒட்சிசன் மீனைக் காத்தது. பல்லும் முகமும் துலக்கப் பிள்ளைகள் கிணற்றடிக்கு வரும் விடியலில் முதல் வாளி அவர்களுடையது, நள்ளிரவுக்கு முந்திய கடைசி வாளி தாத்தாவுடையது. ஒரு மீனும் சாகவில்லை. மீன் நெருக்கமாக இருந்திருந்தால் எத்தனை வாளி ஊற்றினாலும் பயன் இருந்திராது.

பணம் பண்ண எண்ணுவோர்க்கு இதனை யான் சிபாரிசு செய்யேன். இணையத்திலே காட்டப்படும் கணக்குகளில் தீனியின் விலையும் மின்கட்டணமும் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. வீட்டுச் சமையலுக்கு என்றால் கதை வேறு. கிழமைக்கு மூன்று நாள் சுண்டலுக்குப் போதிய கங்குன் அந்த நான்கு பாதிகளில் கிடைக்கின்றது; அதை நறுக்கும் கைக்குப் பூச்சிநாசினிப் பயமில்லை. பூச்சிநாசினி தெளித்தால் மீன் மடியுமாதலால் தெளிக்கவும் முடியாது. புகையிலைக் கசாயம் என்ற நம் பாட்டன் வைத்தியமும் இங்கே ஆகாது. அதுவும் மீனுக்கு நஞ்சு. புழுவைக் கையாற் பிடித்து மீனுக்கே போட்டுவிடலாம்.

மரக்கறி உண்பவர்கள் இதில் ஈடுபடலாமோ என்று என் மாணவன் ஒருவன் கேட்டான். தாராளமாக ஈடுபடலாம். அழகு மீன்களை விட்டால் அவற்றின் கழிவிலும் அதே அமோனியாதான். கீரையை மட்டும் பறித்துக்கொண்டு மீனை ஆயுள் உள்ளவரை நீந்த விடலாம். ஆனால் வளர்த்து அலுத்த மீனை, பாவம் போகட்டும் என்று வாவியிலோ குளத்திலோ விடுவது தகாது. தொட்டியைத் துப்புரவாக்கும் மீன் என்று கடையில் விற்கப்பட்ட தென் அமெரிக்க மீன் ஒன்று இலங்கையின் நன்னீர்நிலைகளிற் புகுந்துவிட்டது. ஆற்றுவாழையும் அழகுக்காக வந்ததுதானே.

மீன்குஞ்சு வேண்டுவோர், 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையினரை விசாரிப்பது நன்று. ஆண் மீன்களாகவே கிடைக்குமா என்றும் கேளுங்கள். இரண்டும் கலந்திருந்தால் தொட்டி முழுவதும் குஞ்சாகி, எதுவும் வளராது. தொடங்குவதற்கு ஏற்ற காலம் தை. மழையினால் கிணறுகள் இனித்திருக்கும். தையில் கல்லை நனைக்கத் தொடங்கினால் மாசி முடிவில் மீன் விடலாம். சித்திரைப் புத்தாண்டுக்கு முதற் கீரை வரும். வாடை மழை தொடங்குமுன் மீனும் சட்டிக்கு வந்துவிடும். தொட்டியின் மேலே ஒரு பழைய வலைத்துண்டை இழுத்துக் கட்டிவிடுங்கள். வாவிக்கரைக் கொக்குகளுக்கு எந்த வளவில் மீன் இருக்கின்றது என்பது ஊராருக்கு முன்பே தெரிந்துவிடும்.